உப்பனாற்றில் கண்ட கரண்டி அலகு: அரிய பறவை என்று எப்போது சொல்லலாம்?

கேள்வியை முதலில் என் சொற்களில் சொல்லிவிடுகிறேன். கடலூர் முதுநகரைச் சேர்ந்த ஒருவர் அக்டோபர் இரண்டாம் வாரத்தில் ஒரு நாள் காலை, உப்பனாற்றின் சேற்றுத் திட்டில் சிட்டுக்குருவி அளவே இருந்த ஓர் உள்ளானைப் பார்த்திருக்கிறார். அதன் அலகின் நுனி கரண்டியைப் போல அகன்று தெரிந்திருக்கிறது. பைனாகுலரின் கண்ணாடியில் கைபேசியை ஒட்டிவைத்து இரண்டு படங்கள் எடுத்திருக்கிறார். படத்தைப் பார்த்த நண்பர்களில் சிலர், உலகில் சில நூறு மட்டுமே எஞ்சியிருக்கும் கரண்டிமூக்கு உள்ளான் இதுதான் என்று துள்ளிக் குதிக்க, மற்றவர்கள் "கடலூருக்கு அது ஏன் வரப்போகிறது" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டார்கள். இது அரிய பறவைதானா, புரட்டாசியிலும் ஐப்பசியிலும் மட்டும் இப்படிப்பட்ட செய்திகள் ஏன் குவிகின்றன, இதை இணையப் பதிவேட்டில் ஏற்றலாமா என்று கேட்கிறார். இவற்றுக்கெல்லாம் அடியில், தனி ஆளாகக் கண்ட ஒன்றை மற்றவர்கள் எதை வைத்து நம்புவார்கள் என்ற கவலை இருக்கிறது. அந்தக் கவலை நியாயமானது.

நான் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவன். 27 ஆண்டுகளாகப் பரங்கிப்பேட்டை வெள்ளாற்று முகத்துவாரத்திலிருந்து மரக்காணம் உப்பளங்கள் வரை கரையோரப் பறவைகளை எண்ணிவருகிறேன். உள்ளான், உப்புக்கொத்தி, ஆலா ஆகியவற்றைப் பற்றி நான் சொல்வதை ஓரளவு நம்பலாம். கதிர்க்குருவிகளிலும் கழுகுகளிலும் என் கண் அவ்வளவாகத் தேறவில்லை. அவற்றைப் பற்றிய ஐயங்களை என்னைவிடத் தெரிந்தவர்களிடம் கேட்பதே நல்லது.

உங்கள் பறவையைப் பற்றிய என் முடிவு இது: அலகில் சேறு ஒட்டிய கொசு உள்ளானாக (Little Stint) இருக்கவே வாய்ப்பு அதிகம். முதல் படம் பக்கவாட்டில் எடுத்தது. கரண்டிமூக்கு உள்ளானின் கரண்டி மேலிருந்து கீழாகத் தட்டையானது. அதனால் பக்கத்திலிருந்து பார்த்தால் அது பெரும்பாலும் தெரியாது, சற்றே தடித்த நேரான அலகாகத்தான் தோன்றும். எதிரே நின்று பார்க்கும்போதுதான் விரிவு புலப்படும். உங்கள் படத்திலோ பக்கவாட்டிலேயே நுனி உருண்டு திரண்டிருக்கிறது. இரண்டாவது படம் முகத்துக்கு நேராக எடுத்தது. அதில் விரிவு ஒரு பக்கம் கூடுதலாகவும் மறுபக்கம் குறைவாகவும் இருக்கிறது. உண்மையான கரண்டி இருபுறமும் ஒரே அளவில், சீட்டுக்கட்டின் டைமன் வடிவத்தை நினைவூட்டும்படி இருக்கும். முட்டையை விட்டு வெளிவரும் குஞ்சுக்கே அந்த வடிவம் உண்டு என்பதால், இளம் பறவை, அலகு இன்னும் முழுதாக வளரவில்லை என்று சமாதானம் சொல்லவும் இடமில்லை. அதோடு நீங்களே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "தையல் மெஷின் ஊசி போல விறுவிறுவென்று கொத்தியது." கொசு உள்ளான் இரை தேடும் விதத்தை இதைவிட நன்றாகச் சொல்ல முடியாது. கரண்டிமூக்கு உள்ளான் பெரும்பாலும் தலையைத் தாழ்த்தி, அலகைச் சேற்றுக்குள் அமிழ்த்தியபடியே துழாவிக்கொண்டு முன்னேறும். நெற்றியும் முகமும் அதற்குரிய அளவு வெள்ளையாக இருந்தனவா என்பதை மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை. காலை வெயில் முகத்தில் அடித்து உங்கள் இரண்டாவது படம் வெளிறிவிட்டது.

இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம், இதே இடத்தில் நானே ஏமாறியிருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஓர் அக்டோபர் காலை, பரங்கிப்பேட்டையில் கடல்நீர் வடியும் வற்றம் தொடங்கிய நேரம். ஏறக்குறைய நூறு தப்படி தூரத்தில் ஓர் உள்ளான், அலகின் நுனியில் பளிச்சென்று ஒரு கரண்டி. எனக்குக் கை நடுங்கியது. உடன் வந்த மாணவனை ஓடிப்போய் இன்னும் இரண்டு பேரை அழைத்துவரச் சொல்லிவிட்டு, தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். நாற்பது நிமிடம். அதற்குள் அந்தப் பறவை ஒரு சிறு குட்டையில் இறங்கிக் குளிக்கத் தொடங்கியது. சிறகை அடித்து நீரை வாரி இறைத்தது, அலகை இரண்டு முறை தண்ணீரில் விசிறியது, பிறகு ஒரு காலைத் தூக்கி அலகைச் சுரண்டியது. கரண்டி உடைந்து விழுந்தது. ஊசி போன்ற கறுத்த அலகு மட்டும் மிஞ்சியது. பறவை போன பிறகு அந்தத் திட்டில் இறங்கிக் களியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். சிப்பித் தூளும் நுண்மணலும் கலந்த சாம்பல் நிறக் களி. விரல் நுனியில் அப்பிக்கொண்டால் சில நிமிடங்களில் காய்ந்து ஓடு போல இறுகிவிடுகிறது. 25 கிராம் எடைகூட இல்லாத ஓர் உயிரின் அலகில் அது ஒட்டினால் கரண்டியாகத்தான் தெரியும். அன்றிலிருந்து இப்படி ஒன்றைப் பார்த்தால் அது குளிக்கும்வரை காத்திருக்கிறேன்.

ஆனாலும் "கடலூருக்கு வராது" என்று சொன்னவர்களோடும் நான் உடன்படவில்லை. கரண்டிமூக்கு உள்ளான் ரஷ்யாவின் கிழக்குக் கோடியில் சுகோட்கா கடற்கரைப் பகுதியில் குஞ்சு பொரிக்கிறது. இறங்கி வரும் வழியில் சீனாவின் ஜியாங்சு கடற்கரைச் சேற்றுவெளிகளில் தங்கி இறகு மாற்றிக்கொள்கிறது. குளிர்காலத்தை மியான்மரின் மொட்டமா வளைகுடா, வங்கதேசத்தின் சோனாடியா தீவு, தாய்லாந்துக் கரை போன்ற இடங்களில் கழிக்கிறது. மேற்கு வங்கக் கரையில் அதற்குப் பதிவு உண்டு. பல பத்தாண்டுகளுக்கு முன் நம் கோடியக்கரையிலும் பதிவாகியிருக்கிறது. வங்கக் கடலின் மேற்குக் கரை அதற்கு அந்நியமானது அல்ல. ஆனால் அந்தக் காலத்தில் அதன் எண்ணிக்கை இன்றைக்கு இருப்பதைவிடப் பல மடங்கு. அக்டோபர் இரண்டாம் வாரத்தில் கணிசமான பறவைகள் இன்னும் சீனக் கரையை விட்டே கிளம்பியிருக்காது என்பதையும் கணக்கில் சேருங்கள். நடக்கவே முடியாதது என்று சொல்ல எவருக்கும் ஆதாரம் இல்லை. நடந்தது என்று சொல்வதற்குத்தான் வலுவான ஆதாரம் வேண்டும். பெயரில் ஒரு குழப்பம் வராமலும் பார்த்துக்கொள்ளுங்கள்: கரண்டிவாயன் என்று நாம் சொல்வது கொக்கைவிடப் பெரிய வெள்ளைப் பறவை, முற்றிலும் வேறு.

இனி, ஏன் இந்த மாதங்களில் மட்டும் என்ற கேள்வி. உறுதியாகச் சொல்லக்கூடியவற்றிலிருந்து தொடங்குகிறேன். வடக்கே கோடை முடிந்து இறங்கும் கூட்டத்தில் அந்த ஆண்டு பிறந்த குஞ்சுகளும் சேர்ந்திருக்கும். வேனிலில் வடக்கே திரும்பும் கூட்டத்தைவிட இது எண்ணிக்கையில் பெரியது. நம் கரைக்கு ஆகஸ்டிலேயே வந்துசேரும் உள்ளான்கள் பெரும்பாலும் வயது வந்தவை. சிலவற்றின் மார்பில் இனப்பெருக்கக் கால நிறத்தின் மிச்சம் இன்னும் ஒட்டியிருக்கும். இளம் பறவைகள் பின்னால், செப்டம்பரிலும் அக்டோபரிலும் வருகின்றன. பல இனங்களில் தாய் தந்தையர் முன்பே கிளம்பிவிடுவதால், குஞ்சுகள் வழிகாட்ட ஆளில்லாமல், பிறவியிலேயே அமைந்த ஒரு திசையையும் தூரத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு முதல் வலசையைச் செய்கின்றன.

இதை அழகாகக் காட்டிய சோதனை ஒன்று உண்டு. நெதர்லாந்தில் பெர்டெக் என்ற ஆய்வாளர் வலசையில் இருந்த 11,000-க்கும் மேற்பட்ட மைனா இனப் பறவைகளைப் பிடித்து வளையமிட்டு, விமானத்தில் சுவிட்சர்லாந்துக்குக் கொண்டுபோய் விட்டார். முடிவுகள் 1958-இல் வெளிவந்தன. வயது வந்த பறவைகள் தங்கள் இடம் மாறியதை உணர்ந்து, வழக்கமாகக் குளிர்காலத்தைக் கழிக்கும் பகுதியை நோக்கித் திரும்பிக்கொண்டன. முதல் பயணம் செய்த இளம் பறவைகளோ பழைய திசையிலேயே பறந்து, போகவேண்டிய இடத்துக்குப் பதிலாகத் தெற்கு பிரான்ஸ், ஸ்பெயின் பக்கம் போய்ச் சேர்ந்தன. காற்று ஒரு குஞ்சைப் பக்கவாட்டில் தள்ளிவிட்டால் அது தன்னைத் திருத்திக்கொள்ளத் தெரியாமல் போய்க்கொண்டே இருக்கும் என்பது இதிலிருந்து தெளிவாகிறது. இலையுதிர்காலத்தில் வழிதவறி வரும் பறவைகளில் இளம் பறவைகள் மிகுதியாக இருப்பதற்கு இதுவே முதல் காரணம். ஆனால் காற்றே இல்லாத நாளிலும் சில பறவைகள் நேர் எதிர்த் திசையிலோ, கண்ணாடியில் திருப்பிப் பார்த்தது போன்ற திசையிலோ போகின்றனவே, அது ஏன்? உள்ளே அமைந்த திசைமானியில் பிழை என்கிறார்கள். நம்பத்தகுந்த ஊகம்தான், ஆனால் ஊகம். ஒரு தனிப் பறவையைக் காட்டி "இது இதனால்தான் வந்தது" என்று யாராவது உறுதியாகச் சொன்னால் நான் தயங்குவேன்.

நம் ஊருக்கே உரிய காரணங்களும் இருக்கின்றன. புரட்டாசியில் ஏரிகள் வற்றிக் கிடக்கும். ஊசுட்டேரி, பாகூர் ஏரி, பெருமாள் ஏரி எல்லாவற்றிலும் ஓரங்கள் சேறாகி, உள்ளான்களுக்குப் பந்தி விரித்ததுபோல் இருக்கும். வடகிழக்குப் பருவமழை பிடித்து ஏரி நிரம்பிவிட்டால் அவை நிற்கவே இடமில்லை. நீலச்சிறகியும் ஊசிவால் வாத்தும் உள்ளே வர, உள்ளான்கள் கழுவேலியின் ஆழமற்ற ஓரங்களுக்கும் மரக்காணம் உப்பளப் பாத்திகளுக்கும் பிச்சாவரத்தின் உப்பங்கழிகளுக்கும் நகர்ந்துவிடும். பறவைகள் இடம் மாறும் அந்த இரண்டு மூன்று வாரங்களில்தான் வழக்கத்துக்கு மாறானவை கண்ணில் படுகின்றன. நம் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நீர்மட்ட வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவு என்பதால், உப்பனாற்றிலும் கெடிலத்தின் முகத்திலும் சேறு வெளிப்படும் பரப்பு சிறியது. அதனால் பறவைகள் நெருக்கமாகவே நிற்கும், அவற்றில் மாறுபட்ட ஒன்றைப் பிரித்துப் பார்ப்பது நமக்குச் சற்று எளிது.

புயலைத் தனியாகச் சொல்லவேண்டும். கூடு கட்டும் காலம் தவிரக் கரையை மிதிக்காமல் கடலிலேயே வாழும் ஆலாக்களையும் வேறு கடற்பறவைகளையும் புயல் சுழற்றிக் கரையில் எறிந்துவிடுவது உலகெங்கும் நன்கு அறியப்பட்டது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. மறுநாள் தேவனாம்பட்டினத்தில் கவிழ்ந்து கிடந்த ஒரு கட்டுமரத்தின் மேல் கருமுதுகு ஆலா ஒன்று உட்கார்ந்திருந்தது. நான் ஐந்தடி வரை போயும் அசையவில்லை. ஊரே கூரையில்லாமல் நின்ற நாள் அது, அதிக நேரம் அங்கே நிற்க மனம் வரவில்லை. நெற்றி வெள்ளை கண்ணுக்குப் பின்னே நீள்கிறதா, கண்ணோடு நின்றுவிடுகிறதா என்பதை வைத்துத்தான் அந்த வகையில் இரண்டு இனங்களைப் பிரிப்பார்கள். அதைக் குறிக்காமல் வந்துவிட்டேன். ஆகவே என் குறிப்பேட்டில் இன்றுவரை "கருமுதுகு ஆலா, இனம் தெரியவில்லை" என்றே இருக்கிறது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோது, அடுத்த இரண்டு நாள் கடற்கரைக்குப் போகுமாறு என் பழைய மாணவர்களிடம் சொன்னது இதனால்தான்.

அரிதாகத் தோன்றுவதும் அரிதாக இருப்பதும் வேறு வேறு என்பதற்கு ஆறுமணிக் குருவியைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும் எனக்கு வரும் அழைப்புகளில் பாதி அதைப் பற்றியதுதான். "சார், கிணற்றடியில் ஒரு பறவை விழுந்து கிடக்கிறது, ஒன்பது நிறம் இருக்கிறது, கிளி மாதிரியும் இல்லை." வட இந்தியக் காடுகளிலும் மத்திய இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துத் தெற்கே வரும் அந்தப் பறவை இரவில் பறக்கிறது. விடியும்போது களைத்துப்போய் நம் கடற்கரை ஊர்களில் வீட்டுத் தோட்டங்களிலும் மொட்டை மாடிகளிலும் இறங்கிவிடுகிறது, சன்னல் கண்ணாடியில் மோதியும் விழுகிறது. ஆண்டுதோறும் தவறாமல் வருவதுதான். காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் குரல் கொடுப்பதால் நம் மக்கள் அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். பெயர் வைத்துக் கூப்பிடும் பறவை எப்படி அரியதாகும்? அப்படி விழுந்து கிடந்தால் துளையிட்ட அட்டைப் பெட்டியில் இருட்டாக, அமைதியான இடத்தில் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். பெரும்பாலானவை சில மணி நேரத்தில் தெளிந்துவிடும், மரம் செடி உள்ள இடத்தில் திறந்துவிடலாம். இறக்கை தொங்கினால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

இதேபோல் வக்காவின் இளம் பறவையைக் குருகு என்றும், செம்பருந்தின் இளம் பறவையை ஏதோ வடநாட்டுக் கழுகு என்றும் அனுப்புகிறார்கள். அனுப்புவது நல்லதே, அப்படித்தான் நானும் கற்றேன். புத்தகங்களே மாறுவதும் உண்டு. உப்பளங்களில் ஆண்டு முழுவதும் ஓடித் திரியும் சிறு உப்புக்கொத்தியைக் கெண்டிஷ் உப்புக்கொத்தி என்றே 20 ஆண்டுகளுக்கு மேல் எழுதிவந்தேன். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இங்கேயே கூடு கட்டுவது தனி இனம், அனுமன் உப்புக்கொத்தி என்று 2023-இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். வடக்கிலிருந்து வலசை வரும் கெண்டிஷ் உப்புக்கொத்தியும் குளிர்காலத்தில் இங்கே உண்டு. என் பழைய எண்ணிக்கைகளில் எது எது என்று இனிப் பிரிக்க முடியாது. கால் நிறம், முகக் கோடு என்று பார்த்ததை அன்றைக்கே எழுதி வைத்திருந்தால் முடிந்திருக்கும்.

அதனால்தான் பதிவு செய்யலாமா என்ற கேள்விக்கு என் பதில், தயங்காமல் செய்யுங்கள் என்பது. ஆனால் எந்தப் பெயரில் என்பதில் கவனம் வேண்டும். பறவைப் பதிவுகளை ஏற்றும் இபேர்ட் (eBird) இணையதளத்தில் இனம் உறுதியாகாத சிறு உள்ளான்களைப் பொதுப்பெயரில் ஏற்ற வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்தி இரண்டு படங்களையும் சேர்த்துவிடுங்கள். கரண்டிமூக்கு உள்ளான் என்று ஏற்றினால், அந்த இடத்துக்கும் மாதத்துக்கும் பொருந்தாதது என்று தளம் தானே அடையாளமிடும், பிறகு நம் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் தன்னார்வலர் ஒருவர் உங்களிடம் விவரம் கேட்பார். அந்தக் கடிதத்தைக் கண்டு மனம் நோகாதீர்கள். அவர் உங்களைப் பொய்யர் என்று சொல்லவில்லை. பத்து ஆண்டு கழித்து அந்தப் பதிவைப் படிக்கப்போகும் முன்பின் தெரியாத ஒருவருக்காகக் கேட்கிறார். அவருக்குத் தேவைப்படுவது உங்கள் உற்சாகம் அல்ல. எவ்வளவு தூரம், வெயில் எந்தப் பக்கம், எத்தனை நிமிடம் பார்த்தீர்கள், பக்கத்தில் எந்தப் பறவை நின்றது, அதைவிடப் பெரியதா சிறியதா, பறந்தபோது சிறகில் கோடு இருந்ததா, என்ன குரல். இவற்றைப் படம் பார்ப்பதற்கு முன், புத்தகத்தைப் புரட்டுவதற்கு முன் எழுதிவிடவேண்டும். புத்தகத்தைப் பார்த்த பிறகு எழுதினால், காணாததையும் கண்டதாகவே மனம் சேர்த்து எழுதிவிடும். நேர்மையானவர்களுக்கும் இது நடக்கிறது.

ஒரு வேண்டுகோள். உண்மையிலேயே அரிய பறவை என்று ஐயம் வந்தால், சரியான இடத்தை எல்லோருக்கும் தெரியும்படி அறிவிப்பதற்கு முன் ஓர் இரவு பொறுங்கள். கழிமுகங்களில் உள்ளானுக்குக் கண்ணி வைத்திருப்பதை நானே கண்டு எடுத்து எறிந்திருக்கிறேன். கேமராவோடு முப்பது பேர் ஒரே சேற்றுத் திட்டில் இறங்குவதும் பறவைக்குத் தீங்குதான். பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து வந்து கொழுப்பெல்லாம் கரைந்து நிற்கும் உயிர் அது, ஒவ்வொரு முறை எழுப்பிவிடும்போதும் அது தின்று சேர்த்தது செலவாகிறது. நம்பிக்கையான இரண்டு பேரை மட்டும் அழையுங்கள்.

நாளையோ மறுநாளோ வற்ற நேரத்தைத் துறைமுகத்துப் படகுக்காரர்களிடம் கேட்டுக்கொண்டு அதே இடத்துக்குப் போங்கள். வெயில் முதுகுக்குப் பின்னால் விழும் கரையில் உட்காருங்கள். இளம் உள்ளான்கள் இரை கிடைக்கும் திட்டில் சில நாள் தங்குவது வழக்கம், உங்கள் பறவை இன்னும் அங்கே இருக்கக்கூடும். பறவை உங்களை நோக்கித் திரும்பும் ஒவ்வொரு முறையும் படம் எடுங்கள், முடிந்தால் அது இரை தேடுவதை அரை நிமிடம் வீடியோவாக எடுங்கள். காலில் வண்ணப் பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நிறம், எழுத்து, எந்தக் கால், மூட்டுக்கு மேலா கீழா என்று குறியுங்கள், கரண்டிமூக்கு உள்ளான்களில் பலவற்றுக்கு அப்படிப் பட்டை இட்டிருக்கிறார்கள். அது குளித்து முடித்த பிறகும் அலகு அப்படியே இருந்தால் எனக்கு உடனே எழுதுங்கள். முதல் பஸ்ஸிலேயே கிளம்பி வந்துவிடுகிறேன்.